முதலிடத்தில் ஓடாத படத்துப் பாட்டு

பேச்சு நீண்டால் மேசையைத் தட்டுவேன் என்று புன்னகையோடு எச்சரித்துவிட்டுத் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும், பீன்யா இசை ரசிகர் மன்றத்தின் தலைவியும் என் அடுத்த வீட்டுக்காரருமான கோமளம் அம்மையார் அவர்களே! இசைத்தட்டுக் காலம் முதல் கைப்பேசிக் காலம் வரை பாட்டு மாறினாலும் பற்று மாறாத பெரியவர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைச் சற்றே தள்ளிவைத்து, சேலையில் தாளித்த மணம் மாறாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்டு முடிந்து, கையில் எண்ணெய்க் கறை போயும் போகாமலும் ஓடோடி வந்திருக்கும் தோழர்களே! தமிழ் மன்றம் என்று தெரிந்தும் தயங்காமல், "நமகூ ஹாடு இஷ்ட ரீ", எங்களுக்கும் பாட்டுப் பிடிக்கும், என்று சொல்லி முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட கன்னடச் சகோதரிகளே! பின்வரிசையில் அமர்ந்து, இவள் எங்கே சறுக்குவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் மன்றத்தின் நிரந்தர எதிர்க்கட்சி, லேத் பட்டறை ஃபோர்மேன் அண்ணன் சின்னப்பா அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஷோபாவின் பணிவான வணக்கம்!

எங்கள் மன்றத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா ஓர் உறுப்பினரை மேடையேற்றி, "உன் நெஞ்சில் நின்ற ஐந்து பாடல்களைச் சொல், ஏன் என்று சொல், எதிர்த்துக் கேட்டால் பதில் சொல்" என்பார்கள். போன ஆண்டு மேடையேறியவர், மூன்றாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் கேட்டு, உட்கார்ந்து, பிறகு எழவே இல்லை. இந்த ஆண்டு என் முறை. எனக்குத் தண்ணீர் வேண்டாம். எனக்கு வேண்டியது உங்கள் செவி! ஏனென்றால், நான் இன்று சொல்லப்போவது பாட்டின் கதை மட்டுமல்ல. அந்தப் பாட்டைக் கேட்ட, கேட்காமல்போன, மீண்டும் கேட்ட என் இரண்டு காதுகளின் கதை.

ஐந்தாம் இடம்! "தார்ச்சாலை" ஆல்பத்தில் முதல் பாட்டு, "வெயிலுக்கு முந்தி வா".

கை தட்டுகிறீர்கள். நன்றி. இந்தப் பாட்டை நீங்கள் எங்கே கேட்டீர்களோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டது எங்கள் கம்பெனி வேனில். தாசரஹள்ளியில் ஏறினால் எங்கள் கார்மென்ட்ஸ் வாசலில் இறக்கிவிடும் வேன். அந்த வேனின் இன்ஜின் பாடும் பாட்டு ஒன்று, ஜன்னல்கள் ஆடும் ஆட்டம் ஒன்று, இருக்கைக் கம்பிகள் போடும் தாளம் ஒன்று. இத்தனைக்கும் நடுவில் டிரைவர் போடும் பாட்டு யாருக்காவது கேட்குமா? என் பக்கத்தில் இருந்த சோனியாவுக்குக் கேட்காது. எதிரில் இருந்த முத்தம்மாக்காவுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது! வரி வரியாக, வார்த்தை வார்த்தையாக, மூச்சு வாங்கும் இடம் உட்படக் கேட்டது. "ஏ ஷோபா, உனக்கு இன்னா பாம்புக் காதா?" என்பாள் சோனியா. எனக்குப் பெருமை பிடிபடாது. பாட்டு ரசிகை என்றால் சும்மாவா? இறைவன் எனக்கென்று இழைத்து இழைத்துச் செய்த காது என்று எண்ணிக்கொண்டிருந்தேன், தோழர்களே, எண்ணிக்கொண்டிருந்தேன்!

ஆனால் வீட்டுக்கு வந்தால்?

வீட்டுக்கு வந்தால், என் கணவர் தினேஷ் அவர்கள் — அதோ, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், நீலச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான் — லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஊரையே ஏற்றி இறக்கும் மனிதர் வீட்டுக்கு வந்து, "ஷோபா, தண்ணி குடு" என்பார். நான் திரும்ப மாட்டேன். "ஷோபா, சாவி எங்கே வச்ச?" நான் பேச மாட்டேன். கடைசியில் அவர் கத்துவார்.

"வேன்ல எவனோ பாடறது உனக்குக் கேக்குது! மிஷின் சத்தத்துல யாரோ பேசறது கேக்குது! வூட்டுல, பக்கத்துல நின்னுகினு நான் பேசறது மட்டும் கேக்காதா உனக்கு?"

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! உங்கள் வீட்டில் நிலைமை நேர்மாறு என்று எனக்குத் தெரியும். ஆண்கள் பக்கம் ஒரு சத்தத்தையும் காணோமே!

நான் என்ன நினைத்தேன்? "இந்த மனுஷன் முணுமுணுக்கிறார், பிறகு கத்துகிறார், நடுவில் பேசத் தெரியாதவர்" என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தார்? "இவளுக்கு நான் பேசுவது பொருட்டே இல்லை" என்று நினைத்தார். கொடுமை அதோடு நின்றதா? அவர் கத்துவார், நானோ மெல்லிய குரலில் பதில் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காதில் எது விழும்? இதோ, தலைவி அவர்களையே கேளுங்கள். ஒருநாள் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். இடுப்பில் கை. "இன்னாப்பா தினேஷு, அந்தப் பொண்ணு வாயத் தொறக்கறதே இல்ல. நீ மட்டும் தெனம் இப்படிக் கத்தறியே, நல்லாவா இருக்குது?" என்றார்கள்.

பாவம், அந்த மனிதர். நானாவது உண்மையைச் சொன்னேனா? எனக்கே தெரியாத உண்மையை எப்படிச் சொல்வேன்!

நான்காம் இடத்துக்கு வருகிறேன். இங்கேதான் சிலர் புருவத்தை உயர்த்தப்போகிறீர்கள். நான்காம் இடம் ஒரு கன்னடப் பாட்டு! "பஸ்ஸு ஹோய்து, நா உளிதே". பஸ் போயிற்று, நான் நின்றுவிட்டேன் என்று பொருள்.

முன்வரிசைச் சகோதரிகள் எழுந்தே விட்டார்கள். உட்காருங்கள், உட்காருங்கள்! பின்னால் யாரோ "தமிழ்ப் பாட்டு தீர்ந்துபோச்சா?" என்கிறார்கள். தீரவில்லை, ஐயா! தமிழ்ப் பாட்டு கடல், அது தீராது. ஆனால் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண், அழுவதற்குப் பதிலாக அந்த நிறுத்தத்திலேயே ஆடத் தொடங்கும் பாட்டைக் கேட்டால், எந்த மொழிக்காரனுக்குக் கால் அசையாது? எங்கள் தையல் வரிசையில் நான் சூப்பர்வைசர். வரிசை முழுக்க மிஷின்கள். ஊசி இறங்கி ஏறும் சத்தம் மழைபோல் பொழியும். அந்த மழைக்குள் எங்கள் பெண்கள் இந்தப் பாட்டைப் பாடுவார்கள். ஒருத்தி தொடங்க, அடுத்தவள் எடுக்க, அதற்கடுத்தவள் முடிக்க, வரிசையின் கடைசியில் பட்டன் வைக்கும் பெண் "நா உளிதே!" என்று இழுப்பாள். அந்தக் கடைசிக் குரல் வரைக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அங்கே நான் அரசி! அங்கே யாரும் என்னை இரண்டாவது முறை கூப்பிட்டதில்லை. வேலை முடிந்து மிஷின்கள் நின்றதும், அதே பெண்கள் "போய்ட்டு வரோம்க்கா" என்பார்கள். எனக்கு உதடு அசைவதுதான் தெரியும்.

இது விசித்திரம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என்னையே பல முறை கேட்டிருக்கிறேன். ஒரே நாளில் கதவு சாத்தினால் திடுக்கிடுவோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினால், வெளியேதான் இருட்டுகிறது என்று இருந்துவிடுவோம்.

அதைக் கண்டுபிடித்தவள் சோனியா. அவள் வீடு விவேக் நகரில், குழந்தை இயேசு ஆலயத்துக்குப் பின்தெருவில். அவள் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். அவர்கள் குழு வெளியிட்ட ஆல்பம் ஒன்று, "வைகறை வாசல்". "வூட்டுக்கு வா, போட்டுக் காட்டறேன், நீ மார்க் போடு" என்று அழைத்தாள். போனேன். அமைதியான வீடு. மின்விசிறிகூட நின்றிருந்தது. ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தாள், எனக்கு எதிரே அமர்ந்தாள், என் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் பொறுக்காமல் கேட்டேன், "எப்போடி போடப்போற?"

சோனியாவின் முகம் மாறியது. "இன்னாடி சொல்ற? போட்டாச்சு. ரெண்டாவது பாட்டு ஓடிகினு இருக்குது."

தோழர்களே! எதிரே பாட்டு ஓடுகிறது. பாட்டுக்காகவே வாழ்கிறேன் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தி, அதற்கு முன்னால் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள். சோனியா எழுந்து வந்து சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கிய பிறகுதான், எங்கோ தொலைவில் பனிக்குள் யாரோ நடந்து வருவதுபோல், அந்தக் குழுப்பாட்டு எனக்குள் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கே டாக்டரு. நான் லீவு போடறேன். நீ பேசாதே" என்றாள். அந்த இரண்டாவது பாட்டு, "விடிவெள்ளிக்கு ஒரு தாலாட்டு", என் மூன்றாம் இடம். பாட்டுக்கு மட்டும் தந்த இடமா அது? அன்று என் கையைப் பிடித்தவளுக்கும் சேர்த்துத் தந்தேன். சோனியா, எழுந்து நில்லுடி! எல்லாரும் பார்க்கட்டும்!

(கைதட்டல் ஓயட்டும். அவளுக்குக் கூச்சம்.)

காது டாக்டர் ஒரு பெண்மணி. ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். என்னைக் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் உட்காரவைத்து, "சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து" என்றார்கள். அழுத்தினேன். வெளியே வந்தபோது சோனியா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதி நேரம் சத்தமே வராதபோது அழுத்தினேனாம், வந்தபோது சும்மா இருந்தேனாம்!

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நம் காதுக்குள் அரிசியைவிடச் சின்னதாய் ஓர் எலும்பு இருக்கிறதாம். சத்தம் வந்தால் அது அசைய வேண்டுமாம். எனக்கு அந்த எலும்பு இறுகிப்போய்விட்டது, இரண்டு பக்கமும். "அப்படியானால் வேனில் எப்படிக் கேட்டது?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் சிரித்தார். "இரைச்சலான இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். டிரைவரும் பாட்டை உயர்த்துவார். மற்றவர்களுக்கு அந்தக் குரலை இரைச்சல் மூடிவிடும். உங்களுக்கோ இரைச்சல் சரியாகக் கேட்பதில்லை. உயர்ந்த குரல் மட்டும் கேட்கிறது. உங்கள் குரல் உங்களுக்குப் பெரிதாகக் கேட்பதால், நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள்."

பாம்புக் காது போயிற்று! பெருமை போயிற்று! ஆனால் என் வீட்டில் ஆறு வருடம் நடந்த கூத்து முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, காதுக் கருவி. மாட்டிப் பார்த்தேன். பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. அந்தக் கருவி பலருக்கு நல்வாழ்வு தருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் காதில், என் பாடகர்கள் எல்லோரும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடினார்கள். இன்னொரு வழி, அறுவை. இறுகிய எலும்பை எடுத்துவிட்டு, கம்பித் துணுக்குபோல் ஒன்றை வைப்பது. பெரும்பாலும் நன்றாக அமையும். ஆனால் எப்போதாவது ஒருவருக்கு, அந்தக் காது அடியோடு போய்விடுவதும் உண்டு. அதனால் முதலில் ஒரு காது, அது தேறியபின் மற்றொன்று.

அடியோடு! மற்றவர்களுக்குக் காது போனால் பேச்சு போகும். ரசிகைக்குக் காது போனால்? அவள் உலகத்தின் ஒரு பக்கமே விளக்கணைந்து போகாதா?

வீட்டுக்கு வந்து தினேஷிடம் சொன்னேன். சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு கேட்டார். வெகுநேரம் பேசவில்லை. பேசினாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை! பிறகு என் எதிரே வந்து நின்று, என் தோளைப் பிடித்து, நன்றாகக் கத்திச் சொன்னார்:

"ஆபரேசன் பண்ணிக்கோ ஷோபா. நல்லாச்சுன்னா நீ பாட்டு கேளு. ஆவலன்னா, கத்தறதுக்கு நான் இருக்கேன். எனக்குப் பழக்கந்தான்."

அடுத்த கணமே சுவரை யாரோ தட்டினார்கள். வேறு யார்? நம் தலைவிதான்! "தினேஷு, மறுபடியும் ஆரமிச்சிட்டியா?" என்று எனக்கே கேட்கும்படி கத்தினார்கள். அன்று முதல் முறையாக, நான் போய், வாசலில் நின்று, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கோமளம் அம்மா உள்ளே வந்து, தினேஷின் கன்னத்தைத் தடவி, "தப்பா நெனச்சிட்டேன்ப்பா" என்றார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கேசரி, அடுத்த வீட்டு உபயம்.

அறுவை நாள். இந்த அறுவையில் ஆளை முழுதாக மயக்குவதில்லை. காதை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நாம் விழித்திருப்போம். முகத்தின் மேல் பச்சைத் துணி. எங்கோ ஓரமாகப் பாட்டு வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் மனதுக்குள் "பஸ்ஸு ஹோய்து" பாடிக்கொண்டு படுத்திருந்தேன்.

இனி அண்ணன் சின்னப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஏனென்றால் இரண்டாம் இடம் அங்கேதான் பிறந்தது.

திடீரென்று, என் தலைக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. எப்படிச் சொல்வேன்! முதலில் ஓர் உலோகத் தட்டில் ஏதோ வைக்கும் ஓசை. அடுத்து, யாரோ மூச்சுவிடும் ஓசை. அதற்கடுத்து, தரையிலிருந்து எழுவதுபோல், கனமாக, இதமாக, தும்… தும்… தும் என்று ஒன்று.

"ஷோபா, கேளிஸ்தா இதியா?" என்றார் டாக்டரம்மா. கேட்கிறதா என்று கேட்டார். கத்தவில்லை. கிசுகிசுத்தார்!

"கேளிஸ்தா இதே மேடம்," என்றேன். என் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்து வேலையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே, "கீழே தும் தும்னு ஏதோ கேக்குதே, அது என்ன மிஷின்?" என்று கேட்டேன்.

அறையே சிரித்தது. "மிஷினில்லை அம்மா. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் பேஸ் கிடார்!"

அந்தப் பாட்டு எது தெரியுமா? "ஏழாம் நடைமேடை" ஆல்பத்தில் வரும் "பெட்டி நகரும் நேரம்"! ஆமாம் அண்ணே, நீங்கள் ஆண்டுதோறும் முதலிடம் கேட்டுத் தொண்டை வற்றப் போராடும் அதே பாட்டு! "மேலே பூ இருக்கிறது, கீழே வேர் இல்லை" என்று நான் இதே மன்றத்தில் அடித்துப் பேசிய பாட்டு! வேர் இருந்தது, தோழர்களே. ஆழமாக, அழகாக, அந்தப் பாட்டு முழுவதையும் தாங்கிக்கொண்டு வேர் இருந்தது. தாழ்ந்த சுரங்கள்தான் என் காதிலிருந்து முதலில் விடைபெற்றவை. எனக்கு எப்படித் தெரியும்? அறுவை மேசையில், பச்சைத் துணிக்கு அடியில், அதன் வேரைக் கண்டேன். இரண்டாம் இடம் தருகிறேன்.

என்ன அண்ணே? எழுந்துவிட்டீர்கள்! "முதலிடம் ஏன் இல்லை?" என்கிறீர்கள். அறுவை மேசையே சாட்சி சொன்ன பாட்டுக்கு இரண்டாம் இடமா என்கிறீர்கள். நியாயமான கேள்வி! உட்காருங்கள். அதற்குத்தான் வருகிறேன்.

காதுக்குள் வைத்த பஞ்சை எடுக்கும்வரை மறுபடியும் அரை உலகம்தான். எடுத்த மறுநாள் காலை. ஞாயிறு. நான் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தேன். அடேயப்பா! என் வீடு இவ்வளவு பேசும் வீடா! ஃபிரிட்ஜ் முனகுகிறது. குழாய் சொட்டுகிறது. காலண்டர் தாள் சுவரில் உரசுகிறது. போர்வையை இழுத்தால் போர்வை பேசுகிறது! சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பின்பக்க பால்கனியிலிருந்து ஒரு பாட்டு வந்தது. ஆண் குரல். மெல்லிய குரல். நான் நினைத்தேன், அடுத்த வீட்டு ரேடியோ என்று.

மெதுவாக எழுந்து போனேன். பால்கனிக் கல்லில், என் கணவர், எண்ணெய் படிந்த வேலைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

ஆறு வருடம்! மன்றத்தில் உட்கார்ந்து ஊர்ப் பாடகர்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கியவளுக்கு, தன் வீட்டுக்காரர் பாடுவார் என்றே தெரியாது!

என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"நீங்க பாடுவீங்களா?"

சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "லிஃப்ட் ஷாஃப்டுக்குள்ள பாடுவேன். நல்லா எதிரொலிக்கும். எங்க பசங்க கேட்டுகினு வேல செய்வானுங்க."

"எங்கிட்ட மட்டும் ஏன் பாடல?"

அவர் அடுத்த சட்டையை எடுத்துச் சோப்புப் போட்டார். பிறகு, "பாடினேனே" என்றார்.

"எப்போ?"

"கல்யாணமான முதல் மாசம். நீ ஜன்னலாண்ட உக்காந்து வாரப் பத்திரிகை படிச்சிகினு இருந்த. உனக்குப் பாட்டுன்னா உசுருன்னு சொல்லிக் கட்டி வச்சாங்க. பயந்துகினேதான் ஆரமிச்சேன். பல்லவி பாடினேன். நீ பக்கத்தைப் புரட்டின. சரணமும் பாடினேன். நீ எழுந்து போயி, பருப்பு வெந்துச்சான்னு பாத்த." அவர் சிரித்தார். சிரிக்கத்தான் முயன்றார். "சரி, பெரிய ரசிகை. நம்ம கொரலு இவளுக்குப் பிடிக்கலன்னு வுட்டுட்டேன்."

தாய்மார்களே, தோழர்களே! நான் என்ன சொல்வேன்? ஒரு மனிதர் அச்சத்தோடும் ஆசையோடும் எனக்காக ஒரு முழுப் பாட்டைப் பாடியிருக்கிறார். நான் பருப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன்! அவர் கோபிக்கவில்லை. குறை சொல்லவில்லை. யாரிடமும் முறையிடவில்லை. தன் பாட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, லிஃப்ட் போகும் இருட்டுக் கிணற்றுக்குள் போய்ப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரில் யார் யார் வீட்டு லிஃப்டோ என் பாட்டைக் கேட்டிருக்கிறது!

"எனக்குக் கேக்கலங்க" என்றேன். "சத்தியமா எனக்குக் கேக்கல."

"இப்பத் தெரியுது," என்றார். "டாக்டரம்மா சொன்ன அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. அன்னிக்கு சமையல் கட்டுல நின்னுகினு அதத்தான் நெனச்சிகினு இருந்தேன்."

"இப்போ பாடுங்க."

"சோப்புக் கையா இருக்குது."

"கையாலயா பாடுவீங்க?"

பாடினார். எந்தப் பாட்டு? "மூணாம் நம்பர் டோக்கன்" என்ற படத்தில் வரும் "மாடி ஏறும் காத்தே". அதுதான் முதல் மாதம் பாடிய பாட்டாம். அதுதான் என் முதலிடம்!

தெரியும், தெரியும்! கொந்தளிப்பீர்கள் என்று தெரியும். அண்ணன் சின்னப்பா நாற்காலியின் மேல் ஏறி நின்று, "யம்மா ஷோபா, அது ஒரு வாரங்கூட ஓடாத படம்மா!" என்கிறார். ஆமாம் அண்ணே, ஓடவில்லை! அந்தப் படத்தைத் திரையிட்ட தியேட்டர்காரரே இடைவேளையில் எழுந்து போனதாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டின் மெட்டு புதுமையில்லை. வரிகள் பெருமையில்லை. என் கணவர் பாடியபோது சரணத்தின் உச்சியில் சுருதி ஒரு படி கீழே இறங்கியது. ரசிகை என்ற முறையில் அதையும் சொல்லத்தானே வேண்டும்? ஆனால் அண்ணே, அந்தச் சுருதி இறங்கியதையும் நான் கேட்டேனே! மேலே எட்ட முடியாமல் அவர் ஒரு சிறு மூச்சு வாங்கினாரே, அதையும் கேட்டேனே! என்னைப் பார்த்து ஒரு வரியை மறந்து, "லலலா" என்று ஒப்பேற்றினாரே, அதையும் கேட்டேனே! இத்தனையும் கேட்ட பிறகு, முதலிடத்தை வேறு எந்தக் கொம்பனுக்குத் தருவேன்?

பாட்டுக்கு இடம் கொடுப்பது எது? மெட்டா? கொடுக்கும். குரலா? கொடுக்கும். கோடி பேர் கேட்டார்கள் என்ற கணக்கா? அதுவும் கொடுக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், பாடியது ஒருவர் செவிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற அந்த ஒன்று இருக்கிறதே, அது இல்லாவிட்டால் மெட்டு எங்கே, குரல் எங்கே, கோடி எங்கே?

ஆகவே, இந்த மேடையில் நின்று உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பேசி, பதில் வரவில்லையா? உடனே "அவளுக்குத் திமிர்" என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அழைத்து, அவர் திரும்பவில்லையா? "அவருக்கு அக்கறையில்லை" என்று மனதை மூடாதீர்கள். நீங்கள் பாடி, யாரும் தலையசைக்கவில்லையா? "என் குரல் ஆகாது" என்று பாட்டைப் புதைக்காதீர்கள். அருகே போங்கள். முகத்தைப் பாருங்கள். "கேட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்! எங்களிடம் அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால், ஆறு வருடப் பாட்டு எங்களுக்கு மிஞ்சியிருக்கும். மிஷின் இரைச்சலில் உழைக்கும் தோழர்களே, உங்கள் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் தையல் வரிசையில் எல்லோரையும் சோதிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. சோனியா கேட்ட கேள்விகளிலிருந்து அவர்களால் தப்பிக்க முடியவில்லை. உங்கள் பட்டறையிலும் கேளுங்கள். இது சலுகையில்லை, தோழர்களே. இது உங்கள் செவி!

என் இன்னொரு காதுக்குத் தீபாவளி கழிந்து அறுவை. பயம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் போன முறை வெறும் பயத்தோடு போனேன்; இந்த முறை பாதிப் பாட்டைக் கேட்ட பசியோடு போகிறேன்!

தலைவி அவர்கள் மேசையைத் தட்டிவிட்டார்கள். முடிக்கிறேன் அம்மா, முடிக்கிறேன். என்ன? கூட்டம் முழுவதும் "தினேஷ்! தினேஷ்!" என்கிறதே! நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஏங்க, கேட்கிறதா? எழுந்திருங்கள். தூணுக்குப் பின்னால் போகாதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள். சின்னப்பா அண்ணே, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்! நல்லவர் நீங்கள்! வழி விடுங்கள், தாய்மார்களே… வந்துவிட்டார்.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், செவியைத் திருப்பித் தந்த டாக்டரம்மாவுக்கும், கைப்பிடித்துக் கூட்டிப்போன சோனியாவுக்கும், கேசரி தந்த தலைவி அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒலிபெருக்கித் தம்பி, மைக்கை இவரிடம் கொடுக்கிறேன். சத்தத்தைக் கூட்ட வேண்டாம், குறைத்தே வை. எனக்குக் கேட்கும்.

வணக்கம்!